யாகப்பனின் புள்ளி

வரைபடத் தாளில் மற்ற புள்ளிகளெல்லாம் வயதுக்கு மரியாதை கொடுத்து, படியிறங்கும் கிழவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. யாகப்பனின் புள்ளி மட்டும் தொண்ணூற்று நாலாவது வயதில் தன்னந்தனியாக மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்கமாட்டேன் போ என்றது. அந்த ஒற்றைப் புள்ளியில்தான் ஞானராஜ் தன் டாக்டர் பட்டத்தை மாட்டி வைத்திருந்தார்.

ஞானராஜுக்கு நாற்பத்தாறு வயது. தர்மபுரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். அவரிடம் படித்த பையன்கள் இரண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கிவந்து, அதே துறையில் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என்ன சார், முடியப் போவுதா?" என்று அக்கறையாக விசாரிக்கும் நிலைமை வந்துவிட்டது. புது வீடு கட்டியபோது வாசல் கல்லில் தன் பெயருக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விடச் சொல்லியிருந்தார். கல் செதுக்குகிறவர் அதைக் குறை என்று நினைத்து, இனாமாக ஒரு தாமரைப்பூ செதுக்கிக் கொடுத்துவிட்டார்.

ஆராய்ச்சி இதுதான். மனித உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. வெயில், புகை, சும்மா உட்கார்ந்து மூச்சு விடுவது உட்பட எல்லாமே அதை அன்றாடம் கொஞ்சம் கொஞ்சம் சேதப்படுத்தும். சேதத்தைச் சரி செய்யச் செல்லுக்குள்ளேயே ரிப்பேர் ஆட்கள் உண்டு. இளமையில் ஒழுங்காக வேலை பார்ப்பார்கள். வயதாக ஆக நம் சாலை இலாகா மாதிரி ஆகிவிடுவார்கள்: குழி இருப்பது தெரியும், தார் வண்டி வராது. கிழவர்களின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, புற ஊதாக் கதிரைக் காட்டி வேண்டுமென்றே காயப்படுத்தி, எவ்வளவு ரிப்பேர் நடக்கிறது என்று அளப்பார்கள். அளப்பது பெங்களூரில். ரத்தத்தை ஐஸ் ஃப்ளாஸ்க்கில் போட்டு, மடியில் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸில் போவது ஞானராஜின் பங்கு.

பெங்களூரில் ஞானராஜுக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்தவர் புரொபசர் கிருஷ்ணப்பன். அவர் 'நான்' என்று சொல்வதை விட்டுப் பல வருஷமாகியிருந்தது. "விஞ்ஞானம் இதை ஏத்துக்காது", "விஞ்ஞானத்துக்கு இது திருப்தியில்லை" என்பார். விஞ்ஞானத்துக்குக் காபியில் அரை ஸ்பூன் சர்க்கரை போதும் என்பது அந்த லேபில் எல்லாருக்கும் தெரியும்.

இந்த நாட்டில் கிழவர்களுக்குப் பஞ்சமில்லை, வயதுக்குத்தான் பஞ்சம். யாரைக் கேட்டாலும் "எம்பது இருக்கும், இல்ல அறுவத்தஞ்சு வெச்சிக்கோ" என்பார்கள். ஆகவே புரொபசர் கன்னடம் கலந்த தமிழில் ஒரு யோசனை சொன்னார். "ஏன்ரீ ஞானராஜ், உங்க கத்தோலிக்க ஜனங்கதான் ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கே எழுதி வெச்சிடறாங்களே? அவங்களையே புடிங்க. விஞ்ஞானத்துக்கு ஆதாரம் வேணும்."

அப்படித்தான் இண்டூர்ப் பக்கத்தில் சூசைக்கொட்டாய் என்கிற கிராமத்தில் யாகப்பன் அகப்பட்டார். கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில், பழைய பிரெஞ்சுச் சாமியார் லத்தீனில் எழுதியிருந்தார்: பெயர் யாகப்பன், அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், ஊர், எல்லாம் சரி. பிறந்தது 1892. தூசியில் ஞானராஜுக்கு ஏழெட்டுத் தும்மல் வந்தது. வேண்டியது கிடைத்துவிட்டதால் புத்தகத்தை மூடிவிட்டு, பங்குச்சாமியார் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் திருவிழாதான். தொண்ணூறு தாண்டிய கிழவரின் செல்கள் எழுபதுகளில் இருப்பவரின் செல்களைப் போல ரிப்பேர் செய்கின்றன! மூன்று வருஷத்தில் ஒரு முறைக்கு நாலு முறையாக ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. புரொபசர் அதற்கு 'இண்டூர் எஃபெக்ட்' என்று நாமகரணம் செய்தார். காரணம் கேழ்வரகுக் களியாக இருக்கலாம் என்று ஒரு கருத்தரங்கில் சொல்லி வைத்தார்; அவர் வாழ்நாளில் களியைத் தொட்டதில்லை. ஒரு பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. கோயில் திருவிழாவில் யாகப்பனை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். யாகப்பனுக்குத் தன் வயது பற்றி அதுவரைக்கும் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. புத்தகத்தில் இருக்கிறது என்று படித்தவர் வந்து சொன்னதும், சரி, இருக்கும்போல என்று ஏற்றுக்கொண்டார்.

1986 மார்ச்சில் ஞானராஜின் ஆய்வேடு டைப் அடித்து முடிந்து பைண்டிங்குக்குப் போயிருந்தது. புரொபசருக்கு மட்டும் ஆசை அடங்கவில்லை.

"ஒரு புள்ளின்னா அதிசயம். ரெண்டு புள்ளின்னா சித்தாந்தம். குடும்பத்துல இன்னும் யாராவது இருக்காங்களா பாருங்க."

யாகப்பனின் மருமகள் ராஜமேரியைக் கேட்டதில், மாமனாரோடு பிறந்தவள் ஒருத்தி நல்லம்பள்ளியில் இருக்கிறாள் என்றாள். ஞானராஜ் ரத்தக்குழாயில் ஒட்டும் சீட்டில் 'மதலேனம்மாள், தங்கை' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். தொண்ணூற்று நாலு வயதுக்காரருக்கு உயிரோடு அக்காள் இருக்க முடியாது என்பது அவர் கணக்கு.

மதலேனம்மாள் வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, புளியை நசுக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, யாகப்பன் தாத்தாவுக்கு நீங்க தங்கச்சிதானுங்களே?"

"தங்கச்சியா? நல்லா கேட்ட போ! அவன இந்த இடுப்புல தூக்கி வெச்சிக்கினு திரிஞ்சவ நானு. மூக்க ஒழுக வுட்டுக்கினு எஞ்சீலைய இழுத்துக்கினே வருவான்."

ஞானராஜ் சீட்டில் 'தங்கை' என்றிருந்ததை அடித்தார். அக்காள்! அப்படியானால் தொண்ணூற்று ஏழாவது இருக்க வேண்டும். பல் இருக்கிறது, தலையில் கறுப்பு முடி இருக்கிறது, அம்மி மாதிரி உட்கார்ந்து புளி நசுக்குகிறாள். அரை நிமிஷம் அவர் மனசுக்குள் புரொபசர் எழுந்து நின்று கைதட்டினார்.

"அப்ப ஒங்களுக்கு நூறு ஆவப்போவுதுங்களா ஆயா?"

கிழவி கையை நிறுத்தினாள். "நூறா? என்னையப் பாத்தா அப்பிடியா தெரியுது? எம்பது ஆயிருக்கும். மொத ஒலகச் சண்டை முடிஞ்சு ஒரு காச்சல் வந்து ஊரே செத்துச்சே, அப்ப நானு வயசுக்கு வந்த புதுசு. அவன் எனக்கு மூணு வயசு எளையவன், ஆடு ஓட்டுற பொடியன்."

"ஆனா கோயில் புஸ்தகத்துல தாத்தா பேரு முன்னாலயே இருக்குதுங்களே?"

"அது பெரிய யாகப்பன்."

ஞானராஜுக்கு முதலில் புரியவில்லை என்று எழுதினால் அது அவருக்குச் செய்கிற உதவியாக இருக்கும். புரிந்துவிட்டது. கிழவி சொல்லச் சொல்ல, புரிந்ததையே மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்காத்தாளுக்கு மொதப் புள்ள. எங்க தாத்தன் பேரு வெச்சாங்க. நாலு வயசுல வாந்திபேதில போயிட்டான், நானெல்லாம் பொறக்கவே இல்ல. அப்புறம் பொட்டப்புள்ளையா பொறந்து பாதி தங்கல. கடேசியா இவன் வந்தான். தாத்தன் பேரு வுட்டுப் போவக்கூடாதுன்னு அதே பேர இவனுக்கும் வெச்சாங்க. நம்ம சனத்துல உள்ளதுதான? ஒங்க வூட்லயும் இருக்கும், போயிக் கேட்டுப் பாரு."

கேட்கத் தேவையில்லை. ஞானராஜுக்கு முன்னால் பிறந்து, மூன்று வாரத்தில் செத்துப்போன ஒரு ஞானராஜ் அவர் வீட்டிலேயே உண்டு. கல்லறைத் திருநாளில் அவர் பெயர் எழுதிய குட்டிச் சிலுவைக்கு அவரே மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். சின்ன வயதில் அது விளையாட்டாகக்கூட இருந்தது. ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும் விஷயம், கையில் ஆராய்ச்சி ஃபைலைப் பிடித்ததும் அவருக்கு மட்டும் மறந்துபோனது எப்படி என்பதற்கு விஞ்ஞானத்திடம் விளக்கமில்லை.

"எங்காத்தாதான் பாவம்," என்றாள் மதலேனம்மாள். "பெரியவன நெனச்சி அழணும்னா பேரச் சொல்லி அழ முடியாது. உசுரோட இருக்கற புள்ள பேரச் சொல்லி ஒப்பாரி வெக்கறியாடின்னு எங்கப்பன் அடிக்கும். அதனால வாயப் பொத்திக்கினு அழும். அவங்கிட்ட யாரும் சொன்னதே இல்ல. நீ ஊசி குத்தணும்னியே, குத்தறதுன்னா குத்து, எனக்கு வேல கெடக்குது."

ஞானராஜ் குத்தாமலே எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வரைபடத் தாளை எடுத்தார். புள்ளியைத் தொண்ணூற்று நாலிலிருந்து எழுபத்தேழுக்கு நகர்த்திப் பார்த்தார். அது சாதுவாகக் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக, செல்கள் மூன்று வருஷமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நாலு முறை சொல்லியும் யாரும் நம்பவில்லை. நம்பாததோடு, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.

கோயிலுக்குப் போய்ப் புத்தகத்தை மறுபடி புரட்டவில்லை. புரட்டினால் தெரிந்துவிடும். இப்போதைக்கு இது ஒரு கிழவியின் பேச்சு, அவ்வளவுதான். ஒரு கிழவருக்குப் பதினேழு வயது கூட இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மாலைதானே போட்டார்கள்? பைண்டிங்குக்குப் போனது போனதாக இருக்கட்டும். இப்படியெல்லாம் தனக்குத்தானே நல்ல வக்கீலாக வாதாடி, தன் கட்சி ஜெயித்த பிறகும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ராஜமேரி கல்லூரி வராந்தாவில் வந்து நின்றாள். தலைமுடி கலைந்திருந்தது.

"சார், மாமனாரு வயித்தப் புடிச்சிக்கினு கெடக்கறாருங்க. ராத்திரிலருந்து ஒரே வாந்தி. சிஸ்டருங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். எங்க வூட்டுக்காரரு கூட இருக்கறாரு. டாக்டரு கைய வெக்கமாட்டேங்கறாரு சார்."

"ஏம்மா?"

"வயசாயிடுச்சாம். தொண்ணூத்தி நாலுக்கு அறுக்க முடியாதுங்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு. பேப்பர்ல வந்தத அவரும் படிச்சிருக்கறாராம்."

சாலையோரத்தில் கன்னியர் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி அது. சர்ஜன் நஞ்சப்பன் கெட்டவரல்ல. கையைக் கழுவிக்கொண்டே வந்து, துடைத்த கையால் ஞானராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதான் இண்டூர் எஃபெக்ட் சாரா? உக்காருங்க, உக்காருங்க. பெரியவருக்குக் குடலிறக்கம். ரொம்ப வருஷமா வந்துவந்து போயிட்டு இருந்திருக்கு, இன்னிக்கு மாட்டிக்கிச்சு. ரத்த ஓட்டம் நின்னா குடல் அழுகிடும். எழுபது, எழுபத்தஞ்சுன்னா நான் யோசிக்கவே மாட்டேன், காலையிலயே டேபிள்ல போட்டிருப்பேன். தொண்ணூத்தி நாலுக்கு மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்க மாட்டாரு சார். போன வருஷம் ஒரு தொண்ணூறு வயசுக்காரருக்குத் துணிஞ்சு செஞ்சேன். டேபிள்லயே போயிட்டாரு. சொந்தக்காரங்க ஜன்னலை உடைச்சாங்க. மதர் என்னைய மன்னிச்சிட்டாங்க, ஜன்னலை இன்னும் மன்னிக்கல."

"வேற வழி?"

"டிரிப் போட்டிருக்கு. தானா உள்ள போனா உண்டு. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, வூட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிடுவேன். ஆனா ஒண்ணு சொல்லணும் சார். நாடியைப் பிடிச்சுப் பாத்தேன், எழுபது வயசு நாடி! நெஞ்சு சுத்தமா இருக்கு. என்ன ஆச்சரியம்! அதான உங்க கண்டுபிடிப்பே?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஞானராஜ் வாயைத் திறந்தார்.

"டாக்டர், வயசு... கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்."

"எவ்வளவு? ஒரு வருஷம், ரெண்டு வருஷமா?"

நாக்கு நுனிவரைக்கும் வந்த பதினேழு, அங்கேயே நின்று ஆய்வேட்டின் அட்டையைப் பார்த்தது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து.

"ஆமா... அப்படித்தான், ரெண்டு வருஷம்."

"அப்ப ஒண்ணும் வித்தியாசமில்ல," என்றார் சர்ஜன்.

வார்டு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். யாகப்பன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூக்கில் குழாய். மகன் சின்னப்பன் காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டுக் கிழவர் கண்ணைத் திறந்தார். ஞானராஜை அடையாளம் தெரிந்ததும், டிரிப் ஏறாத மற்றக் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, உள்ளங்கை மேலாக நீட்டினார்.

"வாப்பா. ரத்தமா? எடுத்துக்கோ."

ஞானராஜ் அங்கிருந்து தபால் ஆபீஸுக்குத்தான் போனார். பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்துபோயிற்று. லைன் கிடைத்தபோது உச்சி வெயில். விஷயத்தை முழுக்கச் சொன்னார். அக்காள், பெரிய யாகப்பன், குடல், எல்லாம்.

மறுமுனையில் விஞ்ஞானம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஏன்ரீ, எழுதின ஆதாரம் கையில இருக்கு. நீங்க ஒரு கிழவி பேச்சைக் கேட்டுட்டு வர்றீங்க. வாய் வார்த்தை எல்லாம் விஞ்ஞானத்துக்கு ஆதாரம் ஆகுமா?"

"இல்ல சார், அது எங்க வழக்கம். எனக்கே தெரியும் சார். என் பேரே..."

"தொண்ணூத்தி நாலுல ஒருத்தர் போறது இயற்கைதானே? நீங்க எதுக்கு இவ்வளவு உணர்ச்சிவசப்படணும்?"

"அவருக்குத் தொண்ணூத்தி நாலு இல்ல சார்."

"அது உங்க அபிப்ராயம். ஹலோ... ஹலோ... இதைக் கேளுங்க. ஆபரேஷன் செஞ்சாங்கன்னா, ஒரு துண்டு தோல் வாங்கிடுங்க. செய்யலைன்னா, அப்பவும் வாங்கிடுங்க. ஆனா லேட் பண்ணிடாதீங்க. ஐஸ் மறந்துடாதீங்க."

லைன் அறுந்தது.

ஞானராஜ் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது வாசல் புங்கமரத்தடியில் மதலேனம்மாள் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஏறி வந்திருக்கிறாள். வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ராஜமேரி சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அறுத்தாத்தான் பொழைப்பான்னு சிஸ்டரம்மா சொல்லுது. அப்புறம் எதுக்குடி அறுக்கமாட்டேங்கறாரு அந்த டாக்டரு?"

"வயசாயிடுச்சுன்னு சொல்றாருங்க அத்த."

"என்னாடி வயசு? எனக்குத் தம்பிடி அவன்! எனக்கே எம்பதுதான் ஆவுது!"

ராஜமேரியின் கையில் சொம்பு அப்படியே நின்றது. அவள் ஞானராஜைப் பார்த்தாள்.

"சார், அத்த என்னவோ சொல்றாங்களே. அப்ப தொண்ணூத்தி நாலு இல்லீங்களா? ஒங்களுக்குத் தெரியுங்களா?"

நாற்பத்தாறு வருஷத்தில் ஞானராஜ் யாருக்கும் பெரிய துரோகம் செய்ததில்லை, சந்தர்ப்பம் வரவில்லை. இப்போது அது வந்து, புங்கமர நிழலில் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தன் குரல் தனக்கே கேட்டது.

"வயசானவங்கம்மா... மறதி இருக்கும். புஸ்தகத்துல..."

மதலேனம்மாள் கோபப்படவில்லை. தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அன்னிக்கு எங்கிட்ட ஒக்காந்து கேட்டுட்டுத்தான போன? ஊசிகூடக் குத்தாம எழுந்து போனியே, மறதின்னா போன? என் தம்பி சாவட்டும்னா போன?"

ராஜமேரி சொம்பைக் கீழே வைத்தாள். அவள் திட்டியிருந்தால் ஞானராஜ் அங்கேயே நின்று ஏதாவது விளக்கம் கொடுத்திருப்பார். விளக்கம் கொடுப்பது அவர் தொழில். அவள் வாயைத் திறக்காததால் உள்ளே போவதைத் தவிர வேறு இடமில்லாமல் போயிற்று.

சர்ஜன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எழுபத்தேழு," என்றார் ஞானராஜ்.

"என்ன எழுபத்தேழு?"

"அவர் வயசு. புத்தகத்துல இருக்கறது அவர் இல்ல, செத்துப்போன அண்ணன். ஒரே பேரு. எங்க ஜனத்துல வைப்பாங்க. அக்கா வெளியில உக்காந்திருக்காங்க. நான்... எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும்."

சர்ஜன் கையில் எடுத்த சோற்றை இலையில் திரும்ப வைத்தார்.

"காலையில ரெண்டு வருஷம்னு சொன்னீங்க."

"ஆமா."

"இப்ப பதினேழு."

"ஆமா."

"இன்னும் கொஞ்ச நேரம் போனா எவ்வளவு கொறையும்?" பதிலுக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார். "சிஸ்டர்! தியேட்டரை ரெடி பண்ணுங்க. சேலத்துலருந்து வந்த ரத்த பாட்டில் ரெண்டு இருக்குல்ல, எடுங்க." கையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்க. நாளைக்கு யாராவது தொண்ணூத்தி நாலு வயசுக்காரரை ஏன் அறுத்தேன்னு ஜன்னலை உடைச்சா நான் காட்டணும்."

ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் ஞானராஜ் எழுதினார். நாலு வரிதான். ஆய்வேடு இருநூற்றுப் பத்துப் பக்கம்; அதை ரத்து செய்ய நாலு வரி தாராளமாகப் போதுமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு சர்ஜன் வெளியே வந்தார். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. சின்னப்பனிடமும் ராஜமேரியிடமும் பேசினார்: உயிர் இருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்றுதான் தோன்றுகிறது, இதயம் நன்றாக ஒத்துழைத்தது. மதலேனம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சர்ஜன் ஞானராஜின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒரு முழத்துக்கு மேல கறுத்துப் போயிருந்துச்சு. வெட்டி எடுத்துட்டுத் தச்சிருக்கேன். காலையில செஞ்சிருந்தா, வெட்டாமலே உள்ள தள்ளியிருப்பேன்."

ஞானராஜ் தலையை ஆட்டினார். தோல் துண்டு கேட்கவில்லை.

புரொபசரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அவரைப் போன்றவர்கள் விழமாட்டார்கள். அடுத்த மாதமே ஒரு கருத்தரங்கில், மனிதர் சொல்லும் வயது பொய்யாக இருந்தாலும் அவருடைய செல்கள் உண்மை வயதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தம்முடைய லேப் கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தார். விஞ்ஞானம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்றபோது அரங்கில் கைதட்டல் கேட்டதாம். கேழ்வரகுக் களி அடியோடு நீங்கியது. அதோடு ஞானராஜின் பெயரும் நீங்கியது. ஆதாரத்தைச் சரிபார்க்காத மாணவர் ஒருவரால் ஆரம்பத்தில் ஏற்பட்ட குழப்பம் என்பதோடு அவர் பங்கு முடிந்தது. அது பொய்யில்லை என்பதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது.

யாகப்பனை வீட்டுக்கு அனுப்பிப் பத்து நாள் கழித்து ஞானராஜ் சூசைக்கொட்டாய்க்குப் போனார். போகாமல் இருப்பதற்கு அவரிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. ஒன்றும் பஸ் ஸ்டாண்டுவரைக்கும் கூட வரவில்லை. கிழவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். ராஜமேரி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, வாங்க என்று சொல்லாமல் உள்ளே போனாள். ஃப்ளாஸ்க் இல்லாமல் அந்த வீட்டுக்கு அவர் வருவது இதுவே முதல் தடவை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ராஜமேரி சொல்லிச்சுப்பா," என்றார் யாகப்பன். "நானு ரெண்டாவது யாகப்பனாமே."

"ஆமாங்க தாத்தா."

"நீ மொதமொத வந்து தொண்ணூறு தாண்டிடுச்சுன்னியே, அன்னிக்கு எனக்கு எத்தினி?"

"எழுவத்தி நாலுங்க."

கிழவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"தொண்ணூறு தாண்டிடுச்சே, இனி எத்தினி நாளுன்னு கெணத்து மேட்டு நெலத்த சின்னப்பன் பேருக்கு எழுதி வெச்சிட்டேன். ஜோடி மாட்டப் புடிச்சிக் குடுத்துட்டேன். அந்த வருசம் வரைக்கும் நாந்தான் ஏரு ஓட்டினேன், தெரியுமா ஒனக்கு? நீ சொன்ன அன்னியோட வுட்டேன். இந்த வயசுல எதுக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் ஒடம்பு முடியாத மாதிரிதான் இருந்துச்சு. இன்னிக்கோ நாளைக்கோன்னு கஞ்சியக் குடிச்சிக்கினு ஒக்காந்து கெடந்தேன். மூணு வருசம்." திரும்பி ஞானராஜைப் பார்த்தார். குரலில் குற்றம் இல்லை. விலை விசாரிப்பவரின் குரல் மாதிரிதான் இருந்தது. "எழுவத்தி நாலுன்னா ஓட்டியிருப்பனேப்பா."

வாசலுக்கு வெளியே காலியாகக் கிடந்த மாட்டுக் கட்டுத்தறியை ஞானராஜ் பார்த்தார்.

"சரி, வுடு. இப்ப ஓட்டலாமா? நீ படிச்சவன், சொல்லு. எழுவத்தேழுதான? எங்கப்பன் எம்பதுலயும் ஓட்டுச்சு. புண்ணு ஆறிட்டா?"

சர்ஜன் சொன்னது ஞானராஜுக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது. இந்த முறை முன்ன பின்ன என்று இழுக்கவில்லை.

"முடியாதுங்க தாத்தா. ரொம்பக் குடல வெட்டி எடுத்துட்டாங்க. கனம் தூக்கக் கூடாது, குனிஞ்சு நிமிந்து வேல செய்யக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. இனி எப்பவுமே."

யாகப்பன் அதைக் கேட்டுக்கொண்டார். போர்வையை நெஞ்சுவரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"அப்ப தொண்ணூத்தி நாலுதான்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.